வெகுளியின் நிலைக்களன்: பள்ளிகளில் சமூக, மனவெழுச்சிக் கல்வியும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவர்க்குச் சமூக, மனவெழுச்சித் திறன்களைக் கற்பிக்கும் முயற்சி தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் இருவழிகளில் நடைபெறுகிறது. மேலைநாட்டுத் திறன் பட்டியல்களை மொழிபெயர்த்துத் தருவது ஒன்று. நீதிநூல்களை மனப்பாடம் செய்விப்பது மற்றொன்று. மாணவரிடம் தோன்றிய உணர்வு எதனின்று பிறந்தது என்னும் வினாவை இவ்விரண்டும் எழுப்புவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒவ்வோர் உணர்வுக்கும் நிலைக்களன் வகுத்துக் கூறுகிறது. அம்முறையையும், அதற்குப் பேராசிரியர் எழுதிய உரையையும் தமிழ் வகுப்பறைக்குரிய வினாமுறையாகக் கொள்ள இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இது களஆய்வு அன்று. நூலையும் உரையையும் அடிப்படையாகக் கொண்ட கருத்துநிலை ஆய்வு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நிலைக்களன், வெகுளி, பெருமிதம், கண்ணோட்டம், அறநெறிக் கல்வி, வழக்குரை காதை.

முன்னுரை

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். தாக்கியவர்கள் அம்மாணவருடன் படித்தவர்கள். தமக்கு நேர்ந்த துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்டதே தாக்குதலுக்குக் காரணமாயிற்று என்பது அப்போது வெளிவந்த செய்திகளால் அறியப்பட்டது. இதனைத் தொடர்ந்து, கல்விநிலையங்களில் நிலவும் சாதிப் பூசல்களைக் களையும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அக்குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குதல் முதலிய பரிந்துரைகளோடு, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு அறநெறிப் பாடவேளை வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது.

அப்பாடவேளையில் எதனைக் கற்பிப்பது, எம்மொழியில் கற்பிப்பது என்பது தமிழ்த்துறையினர் விடையளிக்க வேண்டிய வினா. பெரும்பாலான பள்ளிகளில் அவ்வகுப்பு தமிழாசிரியரிடமே ஒப்படைக்கப்படும் என்று எதிர்பார்க்கலாம். சாதியம் ஒரு சமூக அமைப்பு. வாரம் ஒருமணி நேர உணர்வுக் கல்வி அதனை அழித்துவிடும் என்று கருதுவது பேதைமை. எனினும், வெட்டிய கையைச் செலுத்தியது ஓர் உணர்வு. அவ்வுணர்வு தன்னைச் 'சினம்' என்றும் 'மானம்' என்றும் பெயரிட்டு அழைத்துக்கொண்டது. அப்பெயர் பொருந்துமா என்று வினவும் அறிவை எந்தப் பாடமும் அம்மாணவர்க்குத் தரவில்லை.

திறன் பட்டியலும் அதன் வரம்பும்

சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்னும் கல்வித்துறைக் கருத்து அமெரிக்காவில் உருப்பெற்றது. 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் மனவெழுச்சி நுண்ணறிவு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டனர். 1994இல் 'காசெல்' என்னும் கூட்டமைப்பு தோன்றியது. 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை அறிதல், உறவு பேணல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என ஐந்து திறன்களைக் காசெல் வகுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வாழ்க்கைத்திறன்கள் பத்தும் இதே காலத்தவை. இந்தியாவில் தில்லி அரசு 2018இல் தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை நாள்தோறும் மகிழ்ச்சிப் பாடவேளை ஒன்றை ஏற்படுத்தியது.

இம்முயற்சிகளுக்குப் பயன் உண்டு. ஜோசப் டர்லாக்கும் பிறரும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றில் பங்குபெற்ற 2,70,034 மாணவர்களையும் கணக்கில் எடுத்தது. திட்டத்தில் இருந்த மாணவர் கல்வி அடைவில் சதமான வரிசைப்படி 11 புள்ளி முன்னேறியிருந்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் அரசு நடத்திய இத்தகைய திட்டத்தை மதிப்பிட்ட 2010ஆம் ஆண்டு அறிக்கையோ குறிப்பிடத்தக்க விளைவு எதையும் காணவில்லை. பள்ளிக்குப் பள்ளி நடைமுறை வேறுபட்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆகவே திறன் பட்டியல் இருப்பதாலேயே கற்றல் நிகழ்ந்துவிடாது.

பட்டியலுக்குள்ளேயே ஒரு குறையும் உண்டு. 'தன்னை ஆளுதல்' என்பதன் கீழ்ச் சினமும் அச்சமும் மாணவனுக்குள்ளே கிளர்ந்து, அவனாலேயே தணிக்கப்பட வேண்டிய கொந்தளிப்புகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. மூச்சை இழுத்து விடு, பத்து வரை எண்ணு என்பவை அங்குக் கற்பிக்கப்படும் உத்திகள். நாள்தோறும் இழிசொல் கேட்கும் மாணவனுக்கு இவ்வுத்தியைக் கற்பித்தால், இழிவைத் தாங்கும் பயிற்சியை அவனுக்கு அளித்தவராவோம். இக்குறையை அமெரிக்க ஆய்வாளர்களே உணர்ந்தனர். 2019இல் ராபர்ட் ஜாகர்ஸ் முதலானோர், சமத்துவமின்மையைக் கேள்விக்கு உட்படுத்தும் வகையில் இக்கல்வியைத் திருத்தியமைக்க வேண்டும் என்று எழுதினர்.

சொல் பற்றிய சிக்கல்

இப்பட்டியல்கள் தமிழுக்கு வரும்போது வேறொரு தடை எழுகிறது. கலைச்சொற்கள் மாணவர் நாவில் வழங்குவதில்லை. 'மனவெழுச்சி' கல்வியியல் நூல்களில் வாழும் சொல். மாணவர் பேச்சில் இருப்பவை கடுப்பு, காண்டு, வீம்பு, ரோஷம், ஏக்கம், கூச்சம், டென்ஷன், கெத்து ஆகியன. 'மன அழுத்தம்' என்னும் தொடர் தேர்வுக்கால நெருக்கடியையும் சுட்டுகிறது. மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வையும் சுட்டுகிறது. வேறுவேறு உதவி தேவைப்படும் இரண்டு நிலைகளை ஒரே சொல்லால் அழைக்கும் மாணவி, தனக்கு எது நேர்ந்தது என்று ஆசிரியரிடம் எவ்வாறு கூறுவாள்?

பிறர் நிலையில் நின்று உணர்தலைக் குறிக்க 'ஒத்துணர்வு' என்னும் சொல் ஆக்கப்பட்டுள்ளது. அது நல்ல ஆக்கமே. எனினும், இப்பொருளுக்கு மிக அணுக்கமான சொல் திருக்குறளின் 58ஆம் அதிகாரத் தலைப்பிலேயே இருக்கிறது. அங்குக் 'கண்ணோட்டம்' என்பது தன்னோடு பழகியவர்மேல் கண் சென்றவழி நெஞ்சு இரங்குதல். இன்றைய வழக்கில் அச்சொல் ஒருவர் ஒன்றை நோக்கும் நிலைப்பாடு என்று பொருள்படுகிறது. இரக்கம் தேய்ந்து பார்வை மட்டும் எஞ்சிய பொருள்மாற்றம் இது. பிறர் பார்வையில் நின்று நோக்குதலும், அவ்வாறு நோக்கியதால் நெஞ்சு நெகிழ்தலும் இக்கல்வியில் இணைந்தே வர வேண்டியவை. ஒரே சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் அவ்விரண்டையும் தாங்கி நிற்கின்றன. 8ஆம் வகுப்பு மாணவரிடம் இச்சொல்லின் வரலாற்றைச் சொல்லி ஒரு பாடவேளையை நடத்த முடியும். அதற்குத் தனிப் பாடநூல் வேண்டியதில்லை.

நீதிநூல் வழி

தமிழ்க் கல்வி மரபில் உணர்வை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நீதிநூல்கள் ஏற்றிருந்தன. திண்ணைப் பள்ளிச் சிறுவன் எழுத்தோடு சேர்த்தே ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் கற்றான். அண்மைக் காலத்தில் இம்மரபு நீதிமன்ற ஆணையாகவும் வெளிப்பட்டது. திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் கற்பிக்க வகைசெய்யுமாறு 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு ஆணையிட்டது. இன்பத்துப்பால் விலக்கப்பட்டதற்கு மாணவர் வயது காரணம் என்பது வெளிப்படை. ஆயினும், பிறர் உள்ளத்தை முகத்தால் உணரும் 'குறிப்பறிதல்' திருக்குறளில் இருமுறை அதிகாரத் தலைப்பாக வருகிறது. பொருட்பாலில் 71ஆவது அதிகாரமாக வருவது அரசனுக்கு அருகிருப்போர்க்குரியது. இன்பத்துப்பாலில் 110ஆவதாக வருவது அன்புடையார்க்குரியது. இவற்றுள் அரசவைக்குரியதே வகுப்பறைக்கு வந்து சேர்கிறது.

நீதிநூல்களின் உள்ளடக்கத்தில் குறையில்லை. அவற்றைக் கற்பிக்கும் முறையில்தான் சிக்கல் உள்ளது. அறத்துப்பாலில் வெகுளாமை, அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என எதிர்மறைத் தொழிற்பெயர்களாக அமைந்த அதிகாரத் தலைப்புகள் பல. இவற்றைத் தலைப்பளவில் மனப்பாடம் செய்யும் மாணவன், உணர்வு என்பதே விலக்கத்தக்கது என்று கொள்கிறான். வள்ளுவரோ வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சினம் செல்லுமிடத்தையும் செல்லாத இடத்தையும் பிரித்து நோக்குகிறார்; யார்மேல் யார் சினக்கின்றனர் என்னும் அதிகார வேறுபாட்டை அவர் மறக்கவில்லை. பொருள் எழுதி மதிப்பெண் பெறும் முறையில் இந்நுட்பம் உதிர்ந்துவிடுகிறது.

ஆத்திசூடியின் இரண்டாம் அடி சினம் பற்றியது. அதில் ஔவையார் ஆளும் வினை 'அடக்கு' என்பதன்று, 'ஆறு' என்பதாகும். புண் ஆறுகிறது, பால் ஆறுகிறது. வருந்தியவர்க்கு நாம் சொல்வதும் ஆறுதல்தான். காயத்தையும் வெம்மையையும் ஒருங்கே கருதிய வினைச்சொல் அது. பாரதியார் புதிய ஆத்திசூடியில் சினத்தைப் பயிலத்தக்க ஒன்றாகவே ஆக்கினார். இவ்விரு புலவரையும் அருகருகே வைத்து வினவும் வகுப்பில் மாணவர் பேசத் தொடங்குவர். இரண்டையும் தனித்தனியே ஒப்பிக்கச் செய்தால் அவ்வாய்ப்பு இல்லை.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

மெய்ப்பாட்டியல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல். இளம்பூரணர், பேராசிரியர் ஆகிய இருவர் உரையும் அதற்குக் கிடைக்கின்றன. உள்ளத்து நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகும் வகையில் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். அச்சம், அழுகை, இளிவரல், உவகை, நகை, பெருமிதம், மருட்கை, வெகுளி ஆகிய எட்டும் தலைமை மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் நந்நான்கு பொருள்பற்றிப் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுக்கிறார். இந்த முப்பத்திரண்டையும் உணர்வின் நிலைக்களன் என்று கொள்வது தமிழாய்வுலகம் அறிந்ததே. இவற்றை ஒரு வகுப்பறையின் உள்ளிருந்து நோக்கினால் என்ன புலப்படும் என்பதே இங்கு என் அக்கறை.

வெகுளியை முதலில் எடுத்துக்கொள்வோம். உறுப்புகளைக் குறைத்தல், சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்ல முற்படுதல் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். இவை நான்குமே ஒருவர்க்குப் பிறர் இழைக்கும் தீங்குகள். வெகுளியைத் தொல்காப்பியர் குணக்கேடாகக் கூறவில்லை. தீங்குக்கு எதிர்வினையாகவே வைக்கிறார். ஆகவே சினந்த மாணவனிடம் கேட்கத்தக்க முதல் வினா 'ஏன் சினந்தாய்?' என்பதன்று. அது குற்றச்சாட்டின் சாயலுடையது. 'உனக்கு எது செய்யப்பட்டது?' என்பதே இயல் கற்பிக்கும் வினா.

இவ்வினா சினத்துக்கு இடம்கொடுப்பது போலவே, பொய்ச் சினத்துக்கு இடமறுக்கவும் செய்கிறது. முறையிட்ட மாணவனைத் தாக்கியவர்களுக்கு என்ன தீங்கு செய்யப்பட்டது? உடலுறுப்புக்கோ உயிர்க்கோ ஊறில்லை, வசையும் அடியும் அவர்கள் பெற்றவை அல்ல, கொடுத்தவை. அவர்களுடைய சினத்துக்கு நான்கனுள் ஒரு நிலைக்களனும் இல்லை. குடிகோள் என்பதை அவர்கள் துணைக்கு அழைக்கக்கூடும். எம் குடியின் மதிப்புக் குறைந்தது என்பர். இம்முறையின் பெரிய இடர் இங்கேதான் உள்ளது. அதனை மறைக்க வேண்டியதில்லை. உரையாசிரியர் குடிகோள் என்று கொள்வது சுற்றம் முதலியவற்றுக்கு உண்மையாகச் சூழப்படும் கேட்டினை. தாழ்ந்திருக்க வேண்டும் என்று தாம் கருதிய ஒருவர் நிமிர்ந்து நின்றதைக் கேடு என்று கொள்ள அவ்விளக்கத்தில் இடமில்லை. கேடு நேர்ந்ததா, தன் மேலிடம் ஆட்டங்கண்டதாகத் தோன்றியதா என்னும் வேறுபாட்டை மாணவரே கண்டறியுமாறு வகுப்பை நடத்த வேண்டும். ஆசிரியர் தீர்ப்பாகச் சொல்லிவிட்டால் பயனில்லை.

அடுத்துப் பெருமிதம். இன்றைய மாணவர் வழக்கில் 'கெத்து' என்னும் சொல் இதற்கு அண்டையில் நிற்கிறது. வகுப்பில் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, எவையெல்லாம் கெத்து என்று கேட்டால் வண்டி, உடை, உடன்வரும் கூட்டம், கையிலுள்ள கயிறு எனப் பட்டியல் நீளக்கூடும். தொல்காப்பியர் தரும் பட்டியல் குறுகியது: கல்வி, தறுகண், புகழ், கொடை. பிறப்பு அதில் இல்லை. குடி, குலம், முன்னோர் வீரம் ஆகியவற்றுள் எதுவும் பெருமிதத்தின் நிலைக்களனாகக் கூறப்படவில்லை. நான்கும் ஒருவர் தாமே ஈட்டவோ ஈயவோ உரியவை. புகழ் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது. இன்பமும் பொருளும் மிகுதியாகக் கிட்டுவதாயினும், பழியோடு வரும் செயலைச் செய்யாமையே புகழ் என்கிறார். கெத்தின் இலக்கணத்தைப் பதினைந்து வயது மாணவர் மறுபரிசீலனை செய்ய இதைவிடப் பொருத்தமான தூண்டுதல் அரிது. தொல்காப்பிய மரபியலில் நால்வகைப் பாகுபாடு பற்றிய நூற்பாக்கள் உள்ளன என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. தொல்காப்பியம் சாதி மறுப்பு நூல் என்று நிறுவுவது என் நோக்கமன்று. பெருமிதம் பற்றிய நூற்பாவில் பிறப்பு இடம்பெறவில்லை என்னும் அளவிலேயே இவ்வாதம் நிற்கிறது. அவ்வளவே வகுப்பறைக்குப் போதும்.

நகையின் நிலைக்களன்களுள் ஒன்று எள்ளல். இதனைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல். பள்ளியில் பணியாற்றிய எவரும் இரண்டாவது வகை நகையைக் கண்டிருப்பர். பட்டப்பெயர் சொல்லி வகுப்பே சிரிக்கும்போது அப்பெயருக்கு உரியவனும் சேர்ந்து சிரிக்கிறான். அதைக் கண்டு 'அவனே சிரிக்கிறான், அவனுக்கு வருத்தமில்லை' என்று ஆசிரியர் கடந்துவிடுகிறார். துன்புறுத்தலைத் தடுக்க வேண்டிய பெரியவர்கள் ஏமாறும் இடம் இது. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட உரை அவ்விடத்தைக் குறித்துவைத்திருக்கிறது.

அழுகையின் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ச்சியால் எளியராதலே இளிவு. அது இழப்புக்கு நிகராக வைக்கப்பட்டுள்ளது. அழுகையையும் பேராசிரியர் இரண்டாக்குகிறார். தானே அவலித்தல் ஒன்று. பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. ஒன்றனை அவலம் என்றும் ஒன்றனைக் கருணை என்றும் பெயரிட்டுச் சுவை ஒன்பதாதலும் உண்டு என்கிறார். தன் துயரும் பிறர் துயரும் ஒரே மெய்ப்பாட்டின் இருமுகங்கள் என்பது இதனால் பெறப்படும். ஒத்துணர்வைத் தனித் திறனாகப் பட்டியலிட்டுப் பயிற்றுவதற்கும், தன் அழுகையை அறிந்தவனே பிறர் அழுகையை அறிவான் என்று கொண்டு பயிற்றுவதற்கும் வேறுபாடு பெரிது. 'ஆண்பிள்ளை அழக்கூடாது' என்று ஒருவனை வளர்த்துவிட்டு, அவனிடம் கருணையை எதிர்பார்க்க இவ்வுரை இடம் தராது.

உணர்வு தோன்றும் முறையையும் பேராசிரியர் படிப்படியாக விளக்குகிறார். சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறியால் நுகர்ந்த உணர்வு, அது மனத்தில் பட்டவழி எழும் குறிப்பு, அக்குறிப்பால் கண்ணீர் அரும்பல், மெய்ம்மயிர் சிலிர்த்தல் என உடம்பில் தோன்றும் சத்துவம் என்பன நான்கு படிகள். இவற்றைத் தலைகீழாகப் படித்தால் ஒரு வினாவரிசை கிடைக்கிறது. உடம்பில் என்ன நேர்ந்தது? அப்போது உள்ளத்தில் எழுந்தது யாது? அதற்குமுன் கண்டதும் கேட்டதும் எவை? அவற்றுக்குக் காரணமான பொருள் அல்லது செயல் எது? மாணவருக்கு உடம்பைப் பற்றிப் பேசுவது எளிது. கை நடுங்கியது, தொண்டை அடைத்தது என்று கூறுவர். அங்கிருந்து தொடங்கி நிலைக்களனை அடைவதே முறை.

வழக்குரை காதை: ஒரு வகுப்பறை வாசிப்பு

இவ்வினாவரிசையை இலக்கியப் பாடத்தில் பொருத்திக் காண்பதற்குச் சிலப்பதிகார வழக்குரை காதை ஏற்றது. கொலையே கண்ணகி வெகுளியின் நிலைக்களன். ஆனால் அரண்மனை வாயிலில் நிற்கும் கண்ணகியின் சினம் கூச்சலாக எழவில்லை, வழக்காக எழுகிறது. தன் ஊரைச் சொல்கிறாள், கணவன் பெயரைச் சொல்கிறாள், சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சான்று கூறுகிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைக்கப்படுகிறது. மாணிக்கம் தெறித்த அளவில் அரசன் தன்னையே கள்வன் என்று கூறி வீழ்கிறான். சினமும் தெளிவும் ஒருங்கே இயங்க முடியும் என்பதற்கு இக்காட்சியே சான்று. 'சினத்தை அடக்கினால்தான் சிந்திக்க முடியும்' என்னும் பொதுக் கருத்தை இது மறுக்கிறது.

வழக்குரை காதையோடு நிறுத்திவிடுவது பாடத்திட்டத்தின் வழக்கம். இக்கல்விக்கு அடுத்துவரும் வஞ்சின மாலையும் வேண்டும். அரசன் இறந்துவிட்டான், தீங்கு செய்தவன் தன் தீங்கை ஒப்புக்கொண்டான். ஆயினும் வெகுளி ஓயாமல் அரசனைவிட்டு ஊரின்மேல் பாய்கிறது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை நீக்கித் தீத்திறத்தாரை மட்டும் எரிக்குமாறு தீக்கடவுளிடம் கூறப்படுகிறது. இங்கு மாணவரிடம் மூன்று வினாக்களை முன்வைக்கலாம். சினம் தன் நிலைக்களனைவிட்டுப் பெயர்ந்தது எவ்விடத்தில்? விலக்கப்பட்டோர் பட்டியலில் இல்லாத எளிய மதுரைக் குடிமகன் என்ன தீங்கு செய்தான்? ஒருவர் செய்த தீங்குக்கு அவருடைய ஊரையோ இனத்தையோ பொறுப்பாக்குவதை நாம் இன்று எங்கெல்லாம் காண்கிறோம்? மூன்றாம் வினாவுக்கு மாணவர் தரும் விடைகள் எளிதில் ஆறக்கூடியவையாக இரா. கண்ணகியைப் போற்றும் மரபில் வளர்ந்த தமிழாசிரியர்க்கு இரண்டாம் வினாவே தயக்கம் தரலாம். ஆனால், போற்றுதலோடு வினவுதலும் இருக்கும்போதுதான் காப்பியம் பாடமாகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

மெய்ப்பாட்டியல் செய்யுளியல் சார்ந்தது; அதனை உளவியலாகக் கொள்ளலாமா என்னும் வினா நியாயமானது. அவ்வாறு கொள்ளலாகாது என்பதே விடை. இயலின் பிற்பகுதி களவு, கற்பு ஒழுக்கங்களுக்குரிய மெய்ப்பாடுகளைக் கூறுவது. அது பள்ளிக்கு உரியதன்று. நிலைக்களன்கள் எல்லாக் காலத்துக்கும் முற்றிய பட்டியலும் அல்ல. தனிமை, புறக்கணிப்பு, தேர்வச்சம் ஆகியவற்றை எங்கே அடக்குவது? இயலில் எட்டுக்கு அடுத்துக் கூறப்படும் பிற முப்பத்திரண்டனுள் நாணல், பொறாமை, ஐயம், நடுக்கு ஆகியன இருப்பினும், இன்றைய கைப்பேசிக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட மாணவியின் உணர்வுக்கு அவற்றுள் நேர்ச்சொல் இல்லை. அதற்கு அவளே ஒரு நிலைக்களனைச் சேர்க்கட்டும். அழுகைக்கு ஐந்தாவது எது என்று கேட்பது தொல்காப்பியருக்கு இழுக்கு ஆகாது.

இங்கு நம் துறையில் பெருகிவரும் ஒரு பழக்கம் பற்றியும் கூற வேண்டும். மேலைக் கோட்பாட்டின் ஐந்து கூறுகளுக்கும் ஐந்து குறளைப் பொருத்தி, 'நம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என்று முடிக்கும் கட்டுரைகள் பல வருகின்றன. முன்னோர் அறிந்தது உண்மையாயின் அது நம் வகுப்பறைகளுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று அவை வினவுவதில்லை. 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மெய்ப்பாட்டியல் செய்யுட் பகுதியாகவே இடம்பெற்றுள்ளது. எட்டின் பெயரையும் எழுதி, எடுத்துக்காட்டுப் பாடலையும் எழுதி மாணவர் மதிப்பெண் பெறுகின்றனர். தாம் அன்று காலை அஞ்சியது எதற்கு என்பதை அந்நூற்பாவோடு இணைக்க அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை.

ஆசிரியரும் மதிப்பீடும்

அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இறை என்பதனுள் தந்தை, ஆசிரியர், அரசர் ஆகியோரை உரைமரபு அடக்குகிறது. காட்டு விலங்கோடும் வழிப்பறிக் கள்வரோடும் ஒரே வரிசையில் ஆசிரியர் நிற்கிறார் என்பது தமிழாசிரியர் நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடைசெய்துள்ளது. பிரம்பு மறைந்த வகுப்பிலும் ஏளனச் சொல் மறைந்துவிடவில்லை. தன்னை அஞ்சும் மாணவரிடம் உணர்வு பற்றிய வினாவை எழுப்பும் ஆசிரியர்க்கு, மாணவர் அவர் விரும்பும் விடையையே தருவர். எனவே முதற் பாடம் அச்சமாக இருப்பது நன்று. இவ்வறையில் 'தம் இறை' யார் என்று ஆசிரியரே கேட்டு, விடையைப் பெயரில்லாத் தாளில் எழுதச் செய்து, தானே முதலில் அதைப் படிக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் இத்தகைய பயிற்சி சேர்க்கப்படுதல் தேவை.

மதிப்பெண் பற்றி ஒன்று கூற வேண்டும். மாணவரின் உணர்வை மதிப்பிட்டு எண் இடுவது தவறு. அவ்வாறு செய்தால் நற்பண்பை நடித்துக் காட்டும் திறனே வளரும். மதிப்பிடத்தக்கது வாசிப்பு. பாத்திரம் ஒன்றின் மெய்ப்பாட்டை அடையாளம் கண்டு, அதன் நிலைக்களனைப் பாடலிலுள்ள சான்றால் நிறுவி, அவ்வுணர்வு தன் நிலைக்களனுக்குள் நின்றதா, பெயர்ந்ததா என்று வாதிடும் விடைக்கு மதிப்பெண் வழங்கலாம். இருவேறு மாணவர் இருவேறு விடை எழுதினும் சான்று இருப்பின் இரண்டும் ஏற்கத்தக்கவை. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா இதற்குத் துணைநிற்கிறது: கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் உணர்வுடையார்க்கு அல்லாமல் இப்பொருள் கொள்ளுதல் அரிது என்பது அதன் கருத்து. நூற்பா கருதியது செய்யுளைக் கற்போரையே. எனினும், மாணவர் முகத்தைக் காணாமலும் குரலைக் கேளாமலும் கரும்பலகையை நோக்கியே நடத்தப்படும் அறநெறி வகுப்பு எத்துணை நல்ல பாடநூலைக் கொண்டிருப்பினும், அதில் இளிவுற்று நகும் ஒரு மாணவன் எவர் கண்ணிலும் படாமலே இருப்பான்.